அறுபத்து மூன்று கணவன் பெயர்கள்

அத்தியாயம் 4

டாக்டர் நீலமேகம் புன்னகை செய்யும்போதெல்லாம் லில்லிக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. அதற்குத் தோதான கன்னம் மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டடி தூரத்திலேயே இருந்ததுதான் தொல்லை.

"தாராளமாகப் பாருங்கள் அம்மா. ஒளிக்க ஒன்றுமில்லை," என்றார் டாக்டர். ஒரு கையால் வழவழப்பான வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையையும், இன்னொரு கையால் சிவப்பு காலிகோ பைண்டு போட்ட தடித்த புத்தகத்தையும் அவள் பக்கம் தள்ளினார். "இது என் கட்டுரை. இது அதற்கு ஆதாரம். மார்புப் புற்றுநோய் கண்ட எழுபது நெசவுக்காரப் பெண்கள். கத்தி படவில்லை, என் ஊசி மட்டும். ஐந்து வருஷம் கழித்து அறுபத்து நான்கு பேர் உயிரோடு, சுகமாக இருக்கிறார்கள்! உலகத்தில் எவனும் இப்படி எழுதினதில்லை."

"எழுத எவனுக்கும் மனசு வந்திருக்காது டாக்டர்," என்றாள் லில்லி பவ்வியமாக.

பக்கத்து நாற்காலியிலிருந்த உமாபதி அவள் காலை மெதுவாக மிதித்தார்.

உமாபதி துப்பறிவாளர். மெட்ராஸில் பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகச் சாவுகளை விசாரித்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆசாமிகளை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து பேர் வாங்கியவர். உயிரோடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களைத் தேடுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. லில்லி அவருடைய உதவியாள். வாலாஜாபாத்துக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரியிடம் வாய் காட்டியதால் வேலை போய், அதே வாய்க்காக உமாபதியிடம் வேலை கிடைத்தவள். இந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் இருவரும் காந்தாவின் உறவுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு டாக்டரின் ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்திருந்தார்கள்.

காந்தா, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி கலியனின் மனைவி. வயது முப்பத்தொன்று. இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. திங்கட்கிழமை வந்து படு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தள்ளிப்போட்டால் கையை விட்டுப் போய்விடும் என்றும் சொன்னார்கள். காந்தாவோ கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கினாள். டாக்டர் நீலமேகத்தின் ஊசியே போதும் என்று ஒரே பிடிவாதம். முதல் ஊசி நாளைக் காலை பத்து மணிக்கு. டாக்டர் வீட்டுக்கே வந்து போடுவதாக ஏற்பாடு.

கலியன் உமாபதியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "அந்த அறுபத்து நாலு பேர்ல ஒருத்தியை, ஒரே ஒருத்தியை, என் கண்ணுல காட்டுங்க சார். அவ வாயால சொல்லட்டும். அப்புறம் இவ என்ன வேணா போட்டுக்கட்டும்."

"இவங்கள்ல யாரையாவது நாங்க பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் உமாபதி.

"அதுமட்டும் முடியாது." டாக்டர் முகத்தில் வருத்தம் அழகாகப் படர்ந்தது. "பெண்களின் மானம் சம்பந்தப்பட்டது. பெண்ணுக்கு மார்பில் நோய் என்று தெரிந்தால், அவள் மகளுக்கு மாப்பிள்ளை வருவானா? அதனால்தான் படிவத்தில் பெயர், கணவன் பெயர், ஊர், அதோடு சரி. தெரு, வீடு எதுவும் கிடையாது. கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன் பாருங்கள், ஒவ்வொரு பெண்ணையும் தனிமையில் சந்தித்தேன். மாமியார் இல்லை, புருஷன் இல்லை. அறுபத்து நான்கு வீட்டுக்கும் நானே நடந்தேன். முகம் பார்த்துக் கேட்டேன். அவள் வாயால் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்."

லில்லி புத்தகத்தைப் புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு பெண். எல்லாம் ஒரே குண்டுக் கையெழுத்து, ஒரே நீல மை. *நோயாளி தன் வாயால் சொன்னபடி* என்று அச்சடித்த தலைப்பு. பெயர். கணவன் பெயர். ஊர். உடனிருந்தவர்: யாரும் இல்லை. இப்போதைய நிலை: நலம். கீழே ஒரு பெருவிரல் ரேகை. அடுத்த பக்கம். நலம். அடுத்தது. நலம். நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேறாக, ஒல்லியாக இருந்தது. நலம் என்பதற்குக் கீழே இரண்டு வரி முழுக்க மை கொட்டிக் கறுத்துக் கிடந்தது.

"இங்க பேனா அழுதிருக்குது போல," என்றாள் லில்லி.

"மை சிந்திவிட்டது," என்றார் டாக்டர். புத்தகத்தை அவரே மூடினார்.

வெளியே வந்ததும் உமாபதி விறுவிறுவென்று நடந்தார். அவருக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பதில் கால்தான் வேலை செய்யும்.

"ரேகையை எடுத்துப் பார்க்கலாமே சார்?"

"அந்தாள் புத்தகத்தைக் குடுக்கணும், அது மெட்ராஸ் போகணும், பார்த்துச் சொல்ல ரெண்டு வாரம். நமக்கு இருக்கிறது நாளைக்குப் பத்து மணி வரைக்கும்."

"அறுபத்து நாலு பேரும் நலமாமே! எங்க தெருவுல அறுபத்து நாலு பேரை நிக்க வெச்சா நாலு பேருக்காவது பல்வலி இருக்கும்!"

"அது சந்தேகம், லில்லி. சந்தேகத்தைக் காட்டினா காந்தா ஊசியை நிறுத்த மாட்டா. ஆளைக் காட்டணும்."

கலியன் வீட்டில் தறி ஓடவில்லை. பாவு பூட்டியபடி அப்படியே நின்றது. கலியன் தறிக்குழி ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே காந்தா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல்லோடு சேர்த்து அரிசியையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள்.

"மறுபடியும் ஓதறதுக்கு வந்துட்டியா?" என்றாள் லில்லியைப் பார்த்ததும். "அறுத்துப் போட்டுட்டு அரை ஆளா வந்து நான் யார் மூஞ்சில முழிக்கிறது? உனக்கு வந்தா தெரியும்மா."

லில்லிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மடியிலிருந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரி படிவத்தை எடுத்தாள். "நீங்க போக வேணாம்க்கா. சும்மா எழுதியாவது வெச்சுக்கலாம். பேரு காந்தா. வயசு முப்பத்தொண்ணு. வீட்டுக்காரர் பேரு?"

காந்தாவின் முகத்திலிருந்த கடுகடுப்பு போய், அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. "தெரிஞ்சுக்கினே கேக்கறியே!"

"எழுதறதுன்னா முறைப்படி கேக்கணும்."

"இந்த யுகத்துக்கு ஒரு பேரு சொல்லுவாங்களே... அதான்." அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சுவரைத் தட்டினாள். "கிருஷ்ணவேணி அக்கா! இவரு பேரை இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சொல்லுங்க!"

"கலியன்னு எழுதிக்கம்மா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

லில்லி எழுதவில்லை. பென்சில் காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. சடாரென்று எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"சார்! அந்த டாக்டர் இருக்கானே..."

"மரியாதை."

"அந்த டாக்டர் அவர்கள் இருக்கானே, அவன் ஒரு வீட்டுக்கும் போகல!"

உமாபதி வெற்றிலையை மடித்தபடியே நிமிர்ந்தார்.

"புருஷன் பேரு சார்! அறுபத்து மூணு பக்கத்துலயும் புருஷன் பேரு பளிச்சுனு எழுதியிருக்குது. முனிசாமி, பரமசிவம், சாமுவேல். உடனிருந்தவர் யாரும் இல்லை. நோயாளி தன் வாயால் சொன்னபடி. இந்த ஊர்ல எந்தப் பொம்பளை சார் புருஷன் பேரைத் தன் வாயால சொல்லுவா? எங்கம்மா வேதக்காரிதான், பைபிள்ல இருக்கிற அத்தனை பேரையும் சொல்லும். எங்கப்பா பேரை மட்டும் சொல்லாது, 'இந்தா' தான்!"

"பக்கத்து வீட்டுல யாராவது சொல்லியிருக்கலாம்."

"யாருமே இல்லைன்னு கட்டுரையிலயே பீத்தியிருக்கானே!"

"பழைய ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்து எழுதியிருக்கலாம்."

"அதேதான் சார் நானும் சொல்றேன். ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதியிருக்கான். பொம்பளையைப் பார்த்து எழுதல. மேஜையில உக்காந்துக்கினு அறுபத்து மூணு பேருக்கு உசுரு குடுத்திருக்கான். ஏகாம்பரநாதர் கோயில்ல அறுபத்து மூவரும் கல்லா நிக்கிறாங்க, இங்க மையா நிக்கிறாங்க."

உமாபதி வெற்றிலையை வாயில் போட மறந்துவிட்டார். "அறுபத்து மூணுன்னு சொன்னே. மிச்சம் ஒண்ணு?"

"மை கொட்டின பக்கம். கங்கையம்மாள், தென்னேரி. அதுல மட்டும் கணவன் பெயருங்கிற இடத்துல 'மலை மேல நிக்கிற ஆண்டி' ன்னு எழுதியிருந்தது. ஏதோ பட்டப் பேருன்னு நினைச்சேன். இப்பதான் புரியுது. அந்தம்மா பேரைச் சொல்லல, ஜாடை சொல்லியிருக்கு. கேட்டவங்க அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. அந்த ஒரு வீட்டுக்குத்தான் சார் நிஜமா ஆள் போயிருக்கு!"

"பழனி," என்றார் உமாபதி. "தென்னேரி பழனி பொண்டாட்டி கங்கையம்மாள்." அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். "கலியா! நாளைக்கு நாங்க வர்ற வரைக்கும் அந்த டாக்டர் ஊசியைத் தொடக்கூடாது. காபி குடு, பலகாரம் குடு, தறி எப்படி ஓடுதுன்னு கதை சொல்லு. என்ன வேணா பண்ணு."

மறுநாள் முதல் பஸ்ஸில் வாலாஜாபாத் போய், அங்கிருந்து ஒரு மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு தென்னேரி ஏரிக்கரையில் இறங்கும்போது மணி ஏழே கால். டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழனியா? இங்க ஒன்பது பழனி இருக்கான். எந்தப் பழனி?"

"பொண்டாட்டி பேரு கங்கையம்மாள்," என்றார் உமாபதி.

"அதுலயும் ரெண்டு."

"பொண்டாட்டிக்குப் பயப்படுற பழனி," என்றாள் லில்லி. அந்த ஊசியையும் தாண்டி உயிரோடிருக்கிற கங்கையம்மாள் புருஷனை மிரட்டுகிறவளாகத்தான் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

"அத முதல்லயே சொல்ல வேணாமா! நேராப் போ. கடைசி கூரை."

கடைசிக் கூரைக்கு முன்னால் ஒரு பெண் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ஏரிக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"கங்கையம்மாளா?"

"ஆமா. யாரு நீங்க?"

ஒரே ஒரு உண்மையான பக்கம்; அதிலிருப்பவள் இரண்டு குடம் தூக்கிக்கொண்டு கல்லுப்போல நிற்கிறாள். மற்ற அறுபத்து மூன்றும் பொய்யாக இருக்கட்டும். இவளைப் பார்த்தால் காந்தா ஊசிக்கு இரண்டு கையையும் அல்லவா நீட்டுவாள்! லில்லி உமாபதியின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

கங்கையம்மாள் குடங்களை இறக்கி வைத்தாள். காந்தாவுக்கு இன்று பத்து மணிக்கு ஊசி என்றதும் அவள் முகம் மாறியது.

"அந்தாளா? இன்னுமா போட்டுக்கினு இருக்கான்?"

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்கம்மா?" என்றார் உமாபதி.

"நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புய்யா. நீ வா பொண்ணே."

லில்லியைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டு போய் ரவிக்கையை அவிழ்த்தாள். இடது பக்கத்தில் மார்பு இல்லை. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் தழும்பு ஒரு நீளமான தையலாக ஓடியது. ரவிக்கைக்குள்ளிருந்து இலவம் பஞ்சு அடைத்த சின்னத் துணிப் பொட்டலம் ஒன்று கீழே விழுந்தது.

"ரெண்டே ஊசி. மூணாவதுக்குப் போகச் சொல்ல கட்டி எலுமிச்சம்பழமாட்டம் ஆயிடிச்சு. எங்க வீட்டு ஆம்பளை என்னைத் தரதரன்னு இழுத்துக்கினு போய் மெட்ராஸ்ல படுக்க வெச்சுது. அறுத்தாங்க. மிஷினுக்கு அடியில படுக்க வெச்சு கரண்டு வெச்சாங்க. செத்துப் பொழைச்சேன். ஆறு வருஷம் ஆவுது. சாயங்காலமானா இந்தக் கை வீங்கும். அதோட சரி."

லில்லிக்கு ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. "உங்ககிட்ட வந்து எழுதிக்கினு போனது டாக்டர்தானா?"

"அவன் எங்க வந்தான்? ஒரு பொண்ணு வந்துச்சு. மணியம்மாள்னு பேரு, அவன்கிட்ட வேலை செஞ்சுது. என் வீட்டுக்கு முன்னால பதினோரு வீடு போச்சாம். பதினோரு வீட்டுலயும் போட்டோவுக்கு மாலை போட்டிருந்ததாம். என்னை உயிரோட பார்த்ததும் இங்கதான் உக்காந்து அழுதுச்சு. நான் ஆபரேசன் கதையைச் சொன்னேன். ரெண்டு வரி எழுதிக்கிச்சு."

"அந்த ரெண்டு வரி மேலதான்மா மை கொட்டியிருக்குது," என்றாள் லில்லி. "அவரு ஊசியாலதான் நீங்க பொழைச்சீங்கன்னு புத்தகத்துல போட்டு, சீமைக்கு அனுப்பியிருக்காரு."

கங்கையம்மாள் ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள். ஊக்குகளை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"என் மாரை அறுத்துக் குடுத்துட்டு வாங்கின உசுரு இது. அத அவன் ஊசி பேர்ல எழுதிக்கிட்டானா? மணி என்ன?"

"ஏழே முக்கால்."

"குடத்தை உள்ள வெய்யி, வர்றேன்."

வாலாஜாபாத்தில் பஸ் போய்விட்டிருந்தது. ரைஸ் மில் லாரி ஒன்று காஞ்சிபுரம் கிளம்பிக்கொண்டிருந்தது. கங்கையம்மாளும் லில்லியும் டிரைவர் பக்கத்தில். உமாபதி அரிசி மூட்டைகளின் மேல். அவர்கள் கலியன் வீட்டு வாசலில் குதித்தபோது மணி பத்து இருபது.

உள்ளே ஸ்பிரிட் அடுப்பில் ஊசி வெந்துகொண்டிருந்தது. டாக்டர் நீலமேகத்துக்கு முன்னால் மூன்று காலி காபி டம்ளர்கள். நான்காவதை நீட்டிக்கொண்டு நின்றான் கலியன்.

"போதுமப்பா! நேரமாகிறது!" டாக்டர் எரிச்சலோடு சிரிஞ்சை எடுத்தார். காந்தா பாயில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தாள்.

"டாக்டர்!" லில்லி கங்கையம்மாளை முன்னால் தள்ளினாள். "இவங்களைத் தெரியுதா?"

டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "புது நோயாளியா? ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. நாளைக்கு நிலையத்துக்கு வந்து சீட்டு எடுக்கச் சொல்லுங்கள்."

லில்லி குனிந்து அடுப்பை ஊதி அணைத்தாள்.

"நேத்து என்ன சொன்னீங்க?" என்றாள் லில்லி. "அறுபத்து நாலு வீட்டுக்கும் நானே நடந்தேன், முகம் பார்த்துக் கேட்டேன்னு. இந்த முகத்தைப் பார்த்துத்தான் கேட்டீங்களா? தென்னேரி கங்கையம்மாள். உங்க புத்தகத்துல நாற்பத்தோராம் பக்கம்."

ஒரு விநாடிதான். அந்தப் புன்னகை திரும்பி வந்துவிட்டது. "அடடே! கங்கையம்மாளா! வயசானதில் அடையாளம் தெரியவில்லை. பார்த்தாயா காந்தா? என் ஊசிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?"

காந்தா கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை குப்பென்று ஏறியது.

"எத்தினி ஊசி போட்டே எனக்கு?" என்றாள் கங்கையம்மாள்.

"முழு சிகிச்சை. முப்பத்தாறு."

"ரெண்டு." அவள் டாக்டரைத் தாண்டிப் போய்க் காந்தாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "வாம்மா உள்ள. ஆம்பளைங்க இங்க இருக்கட்டும்."

கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கலியன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியை மறித்து நின்றான். இவ்வளவு நேரமும் உபசாரம் செய்த கைகள் இப்போது முஷ்டியாக இருந்தன.

"கலியா," என்றார் உமாபதி. "தொட்டுடாதே. தொட்டா நாளைக்கு அது ஒண்ணுதான் கேஸா நிக்கும்."

கதவு திறந்தது. காந்தா அழுதிருந்தாள். நேராக டாக்டரிடம் வந்தாள்.

"அந்த அறுபத்து மூணு பேரும் என்ன மாதிரிதான் கையை நீட்டிக்கினு உக்காந்திருந்தாங்களா?"

டாக்டர் தன் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இந்த ஊசியை எடுத்துக்கினு போயி உன் பொண்டாட்டிக்குப் போடு." மடித்துவிட்டிருந்த ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள். கணவன் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பயம் போவல. பயந்துக்கினே வர்றேன். இன்னைக்கே கெளம்பலாம்." துணி எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

கங்கையம்மாள் டாக்டரை விடவில்லை. "உன் புத்தகத்துல இருந்து என் பேரை அடி. இப்பவே. என் கண்ணு முன்னால அடி."

டாக்டர் தலை வேகமாக ஆடியது. "அடித்துவிடுகிறேன் அம்மா. இன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன்."

"கிழிப்பீங்க டாக்டர், எனக்குத் தெரியும்," என்றார் உமாபதி. "அந்தப் புத்தகத்துல பொய்யில்லாத பக்கம் அது ஒண்ணுதான். அது இருந்தா மத்த அறுபத்து மூணும் நிக்காது. அதனால இப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்தே உங்க நிலையத்துக்குப் போறோம். போலீஸ் வந்து சீல் வைக்கிற வரைக்கும் அந்தச் சிவப்புப் புத்தகம் என் மடியில இருக்கும். கங்கையம்மா, உங்க பேரு அடிக்கப்படாது. அந்தப் பேருதான் இவரைக் கூண்டுல ஏத்தப் போவுது."

கங்கையம்மாள் யோசித்தாள். "அப்ப இருக்கட்டும்," என்றாள். "ஆனா அந்த மையை எடுக்கச் சொல்லு. நான் சொன்ன ரெண்டு வரி வெளிய தெரியணும்."

டாக்டர் நீலமேகம் சிரிஞ்சைப் பெட்டியில் வைக்கப் பார்த்தார். அது மூன்று தடவை வழுக்கியது. லில்லி உதவி செய்யவில்லை.

உள்ளேயிருந்து காந்தாவின் குரல் கணீரென்று வந்தது. "பஸ்ஸு போயிடப் போவுது! அவன்கிட்ட இன்னும் என்ன பேச்சு?"